ஆள் சேர்க்க வந்தவர் யாருடைய ஆள்?

வயலில் நெல் ஒரே நேரத்தில் முற்றிவிட்டால் நாம் என்ன செய்தோம்? வெட்டுக்காரரைத் தேடி ஊர் ஊராக அலைய நேரமில்லை. ஆட்களைத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "பத்துப் பேரைக் கூட்டி வாரும்" என்றோம். அருவிவெட்டு முடிய அவருடைய வேலையும் முடிந்தது.

கம்பனிகள் செய்வதும் இதுவே. புதிய தொழிற்சாலை திறக்கும்போது சில மாதங்களுக்குள் நூறு, இருநூறு பேர் தேவை. அலுவலகத்தில் ஆட்சேர்ப்புக்கு இருப்பவர் ஒருவரோ இருவரோ. ஆகவே மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒப்பந்தம் எழுதி வெளியாள் ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர் காணியிழந்த குடும்பங்கள் உள்ள இடங்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. உழ நிலமில்லாத இளைஞர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவர் கெட்டவர் என்பதல்ல எமது பேச்சு. அவருக்குக் கூலி எப்படி என்பதே கேள்வி. மாதச் சம்பளமென்றால் ஆறுதலாக விளக்குவார். தலைக்கு இவ்வளவு என்றால் அவசரப்படுவார். சேர்த்த ஆள் சில மாதம் நிலைத்த பின்னரே பணம் கொடுக்கும் கம்பனிகளும் உண்டு. நமக்கு அதுவே நல்லது. பொய் சொல்லிச் சேர்த்தால் அவருக்கே நட்டம்.

நமது நாட்டில் இது புதிதல்ல. திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுத்தது. அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. கடனைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விட்டுவிடுவேன் என்று துரை எழுதிக் கொடுத்த கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி கடனோடு கூடவே இருந்தார். இன்றைய ஆள்சேர்ப்பவரோ ஒப்பந்தம் முடியப் போய்விடுவார். அவர் சொன்ன வாக்கும் அவரோடு போய்விடும். "தங்குமிடம் இலவசம், இரவு வேலை இல்லை" என்று அவர் சொல்லியிருந்தால், நான்காம் மாதம் தொழிற்சாலையில் அதை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே அவர் வாயால் சொல்வதை நியமனக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் யார் ஒப்பமிடுகிறார் என்றும் பாருங்கள். கம்பனியா, அல்லது ஆள் வழங்கும் ஒப்பந்தக்காரரா? பின்னவர் என்றால் உங்கள் முதலாளி அவரே. பெயர்ப்பலகையில் உள்ள கம்பனி அல்ல. பலர் இதை விபத்து நடந்த பின்னர்தான் அறிகிறார்கள்.

தற்காலிக வேலையானாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 8 உங்களிடமிருந்து கழிக்கப்படும். முதலாளி 12 சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கு அவரே மேலும் 3 கட்ட வேண்டும். கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடும்போது உதவும்.

ஆள் சேர்ப்பவருக்குக் கூலி கொடுப்பது கம்பனி. "பதிவுக் காசு" என்று உங்களிடம் கேட்டால் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலையென்றால் சங்கதி வேறு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உள்ள முகவரே ஆள் சேர்க்கலாம். கிராமத்துக்கு வரும் துணை முகவரிடம் அது பெரும்பாலும் இராது. கடவுச்சீட்டைக் கையில் கொடுக்குமுன், வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் முகவரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.