தோரு தத் படித்த வரலாறு

வரலாற்று நூலைக் கையில் எடுக்கும் நம்மில் பலர், ஐந்து மதிப்பெண் வினா எது, பத்து மதிப்பெண் வினா எது என்று பார்ப்பதோடு சரி. விக்டோரியா மகாராணி காலத்துக் கல்கத்தாவில் வாழ்ந்த எழுத்தாளர் தோரு தத், நம் வயதில் இருந்தபோது, தம்மைக் கவர்ந்த வரலாற்று நூலின் ஆசிரியைக்கே கடிதம் எழுதினார்.

1856-இல் பிறந்த தோரு, 1869-இல் பெற்றோருடன் ஐரோப்பா சென்று, பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி பெற்று, 1873-இல் ஊர் திரும்பினார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலமாக்கி 1876-இல் நூலாக்கினார். தந்தையோடு அமர்ந்து வடமொழியும் பயின்றார். அந்நாட்களில்தான் கிளாரிஸ் பாதேர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றி 1864-இல் வெளியிட்ட நூல் அவர் மனத்தில் இடம்பிடித்தது. சீதையைத் தோரு முன்பே அறிவார். தாயார் மாலையில் பாடிய பழம்பாடல்களைக் கேட்டு அழுததுண்டு. காதால் கேட்ட பெண்களே பாரிசிலிருந்து வரலாறாக வந்து நின்றால் எப்படியிருக்கும்! அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அனுமதி வேண்டி 1877 ஜனவரியில் எழுதினார். மறுமாதமே இசைவு வந்தது.

எனக்கு வியப்பளிப்பது அவருடைய மொழிப்புலமை அன்று. அது வசதியுள்ள வீட்டில் வாய்த்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு அச்சில் வந்த எழுத்தின்மேல் ஓர் அச்சம் உண்டு. எழுதியவரிடம் பேசலாம் என்றே தோன்றுவதில்லை. தோருவுக்குத் தோன்றியது.

மொழிபெயர்ப்பு நிறைவேறவில்லை. 1877 ஆகஸ்டு 30-இல், காசநோயால், 21 வயதில் அவர் மறைந்தார். அவருடைய பிரெஞ்சு நாவல் 1879-இல் வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் பாதேர். பாதேரின் நூலையோ, தோருவின் கேம்பிரிட்ஜ் தோழி மேரி மார்ட்டின் ஆங்கிலமாக்கி 1925-இல் வெளியிட்டார். 48 ஆண்டுகள்!

எங்கள் ஏற்காட்டுக்கும் அச்சில் வரலாறு உண்டு. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிக் கதை. என் பாட்டியும் அதையே சொல்வார்: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் வந்தார்களாம். அவர்களுடைய மனைவிமார் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பொம்பளைங்க பேரை யாரு சாமி நெனப்பு வெச்சிருந்தாங்க?" என்றார்.

பாட்டியின் தாய், அவருடைய தாய் என்று, நினைவில் உள்ள பெண்களின் பெயர்களை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஐந்து பெயர்கள் வந்திருக்கின்றன. ஆறாவது பெயருக்குப் பாட்டியின் அக்காவைப் பார்க்க வேண்டும்.