ஈர மணலில் குட்டியின் தடம்

நான்கு மாத நாய்க்குட்டியை விடிகாலையில் தூத்துக்குடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். மன்னார் வளைகுடாவில் அலை அதிகம் எழும்பாது. தண்ணீர் வடிந்த ஈர மணலில் குட்டியை நேராக நடக்கவிட்டு, பின்னால் போய்த் தடத்தைப் பாருங்கள். முன்கால் விரல்கள் நேரே முன்னோக்கி இருக்கின்றனவா, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கின்றனவா, ஒரு கால் மட்டும் வெளியே திரும்பியிருக்கிறதா? குட்டியை நிற்கவைத்துப் பார்க்கும்போது பிடிபடாதது மணலில் தெளிவாகத் தெரியும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காலும் ஒரே அளவில், லேசாக விரிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளரும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்களின் குட்டிகளுக்கு நெஞ்சு ஒடுக்கம், கால் நீளம். முழங்கை உள்ளே ஒடுங்கி நிற்பதால் பாதம் வெளியே திரும்பும். நெஞ்சு விரியும்போது பல குட்டிகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தாலோ, வாரத்துக்கு வாரம் கோணல் கூடினாலோ, குட்டி நொண்டினாலோ விஷயம் வேறு.

அதைப் புரிந்துகொள்ள எலும்புக்குள் போக வேண்டும். நாயின் முன்னங்காலில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் அருகருகே ஓடுகின்றன. எடையைத் தாங்கும் தடித்த ஆர எலும்பு ஒன்று, ஒல்லியான அல்னா இன்னொன்று. முத்துச்சிப்பியை நினைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் உயிர் இரண்டு ஓடுகளின் விளிம்பிலும் சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால்தான் சிப்பி வாய் மூடும். இந்த இரண்டு எலும்புகளுக்கும் அதே கட்டாயம் உண்டு. எலும்பு நீள்வது அதன் நுனியருகே இருக்கும் குருத்தெலும்புப் பட்டையில். அதை வளர்ச்சித் தட்டு என்கிறோம். அல்னாவின் நீளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டு ஒன்றிலிருந்தே வருகிறது. மற்றத் தட்டுகள் ஏறக்குறையத் தட்டையானவை. நாய்க்கு இந்த ஒன்று மட்டும் கூம்பு வடிவம். தட்டையான தட்டில் பக்கவாட்டு அடி பட்டால் அது வழுக்கி விலகும். கூம்புக்கு வழுக்க இடமில்லை, அதனால் உள்ளே நசுங்குகிறது. மாடிப்படியிலிருந்து விழுந்த குட்டி ரெண்டு நாள் நொண்டி, பிறகு ஓடியாடியிருக்கும், எல்லோரும் மறந்திருப்பார்கள். சில வாரம் கழித்துக் கால் கோணும். அல்னாவின் வளர்ச்சி நின்றுவிட்டது, ஆர எலும்பு இன்னும் நீள்கிறது. நாண் இழுக்க வில் வளைவதுபோல் அது முன்பக்கமாக வளைய, பாதம் வெளியே திரும்புகிறது.

அடி படாமலும் கால் வளையும். மனிதக் குழந்தைகளின் வளைகாலுக்கு மருந்து உறுதிப்பட்டதில் நாய்க்குட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற மருத்துவர், வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்த குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி போன்ற உணவையே கொடுத்து வந்தார். கால்கள் வளைந்தன. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்த குட்டிகளுக்கு வளையவில்லை. 1919-இல் அவர் இதை வெளியிட்டார். அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு 1922-இல் அமெரிக்க ஆய்வாளர் மெக்காலம் வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். வளைந்து நின்ற அந்தக் குட்டிகளுக்கு நம் பிள்ளைகள் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கேதான் நம் ஊரில் ஒரு தவறு நடக்கிறது. "வெயில்ல விடுங்க, எலும்பு கெட்டிப்படும்" என்பார்கள். கைக்குழந்தைக்கு அது சரி. நாயின் தோல் வெயிலைக் கொண்டு போதுமான வைட்டமின் டி செய்துகொள்வதில்லை என்று நெதர்லாந்தின் உத்ரெக்ட் ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். உப்பளத்து வெயில் முழுக்கக் குட்டியின் முதுகில் விழுந்தாலும் அதற்கு வைட்டமின் டி தின்றுதான் கிடைக்க வேண்டும். தூத்துக்குடிக்காரர்கள் அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சாளை மீனில் அது நிறைய இருக்கிறது. வேகவைத்து, முள் நீக்கி, உப்பும் மிளகாயும் இல்லாமல் வாரத்தில் ஓரிரு முறை ஒரு துண்டு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை நம் இஷ்டத்துக்குக் கொடுப்பதும் வேண்டாம். வைட்டமின் டி மிஞ்சினால் அதுவே நஞ்சு.

கால்சியமும் அப்படித்தான். சோறும் கறியும் மட்டுமே தின்னும் குட்டிக்குப் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறையும். உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். அதைக் கண்டு பயந்து, நல்ல தீவனம் தின்னும் குட்டிக்கும் டானிக், பவுடர் என்று வாங்கி ஊற்றுகிறோம். வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, வந்ததையெல்லாம் உறிஞ்சும். உத்ரெக்டில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தை மிஞ்சக் கொடுத்தபோது, வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் தங்கிப்போய்க் கால்கள் வளைந்தன. பெரிய சாதிக் குட்டியின் வயதுக்கென்றே செய்த தீவனம் கொடுத்தால் பவுடர் தேவையில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு இருந்தால் போதும். கொழுகொழு குட்டி அழகுதான், ஆனால் அந்த எடை முழுக்க இளம் மணிக்கட்டில் இறங்குகிறது.

மணிக்கட்டு தளர்ந்து பாதம் சரியும் குட்டிக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். அதுவும் கூடாது. கட்டு, தசைநாரை இன்னும் தளர்த்தும். அதற்கு வேண்டியது பிடிப்புள்ள தரை. வழுவழு டைல்ஸில் கோணிச்சாக்கை விரியுங்கள். மண்ணிலும் கெட்டி மணலிலும் அது தன் போக்கில் நடக்கட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் பாதம் நிமிரும். மதில்மேலிருந்து குதிக்கவோ, பைக்குக்குப் பின்னால் ஓடவோ விடாதீர்கள்.

முதலில் எடுத்த படத்தோடு, இரண்டு வாரம் கழித்து அதே மணலில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கோணல் கூடியிருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தாலோ, நொண்டினாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இரண்டு முன்னங்கால்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், நல்ல காலைப் பார்த்துத்தான் கெட்ட காலின் அளவு தெரியும். நசுங்கிய தட்டு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். சில வாரத்தில் மறுபடி எடுப்பார்கள்.

அல்னாவின் வளர்ச்சி நின்றுவிட்டது உறுதியானால், வளர்ச்சி மிச்சமிருக்கும் குட்டிக்கு மருத்துவர்கள் செய்வது வியப்பானது. அல்னாவில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். இடைவெளி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, குட்டியின் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுத்து அங்கே வைப்பார்கள். நாண் அறுந்த வில்லாக ஆர எலும்பு விடுபடும். மீதியிருக்கும் வளர்ச்சியே காலை ஓரளவு நிமிர்த்தும். நாயின் இனத்தைப் பொறுத்து எட்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் அந்தத் தட்டுகள் மூடிவிடும். அதன் பிறகு எலும்பை அறுத்து, திருப்பி, உலோகத் தகடு வைத்துத்தான் நேராக்க முடியும்.