ஒரு முடிப் பருமன் பெயின்ட்

உங்கள் மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதா? வயர்லெஸ் இன்டர்நெட்டுக்கோ, கண்காணிப்புக் கேமராவுக்கோ, வானிலைக் கருவிக்கோ வைத்த பெட்டியாக இருக்கலாம். ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வானம் தெளிந்த நாளில் மேலே போங்கள். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பெட்டிக்குள் ரேடியோவுக்குப் போகும் சிறிய கேபிளைக் கழற்றி வையுங்கள். மீட்டரை 'பீப்' சத்தம் போடும் இடத்துக்குத் திருப்பி, ஒரு முனையை ஆன்டெனா கனெக்டரின் வெளி உடம்பிலும் மற்றொன்றை எர்த் ஒயர் முடுக்கியிருக்கும் போல்ட்டிலும் தொடுங்கள். பெட்டி இரும்பு, கனெக்டர் பித்தளை. இரண்டையும் நட்டு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பீப் கேட்டாக வேண்டும். ஆனால் பல பெட்டிகளில் கேட்காது.

கேட்காததற்குக் காரணம் பெயின்ட். சரியாகச் சொன்னால் பவுடர் கோட்டிங். 60 முதல் 100 மைக்ரான் தடிமன், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அந்த ஒரு முடிப் பருமன்தான் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சுவராக நிற்கிறது.

இதன் விளைவை ஒரு கடலோரக் கிராமத்தில் நேரில் பார்த்தேன். மீனவர்களுக்கு வானிலைத் தகவல் தரும் கருவி ஒன்றின் பெட்டி அது. ஐப்பசி மாத மழையில் ஒருநாள் இரவு இடி இடித்தது. மின்னல் அந்தக் கட்டடத்தில் விழவில்லை, சற்றுத் தள்ளியிருந்த தென்னை மரத்தில் விழுந்தது. காலையில் கருவி செத்துக் கிடந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் புதுசு போல இருந்தது. மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரைக்கூட முறையாக மாட்டியிருந்தார்கள். ரேடியோ போர்டில் ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னலைப் பற்றவைத்திருந்த இடம் மட்டும் கருகியிருந்தது. அரெஸ்டரின் நட்டைக் கழற்றினேன். அடியில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல், நட்டு அழுத்திய வட்டத் தடத்தோடு பளபளவென்று இருந்தது. காவல்காரனை நிறுத்தியவர்கள், அவன் பிடித்தவனைக் கொண்டுபோக ஒரு வழி விட மறந்துவிட்டார்கள்.

அந்தக் காவல்காரனின் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெரும்பாலான அரெஸ்டர்களுக்குள் மந்த வாயு அடைத்த ஒரு சிறிய பீங்கான் குழாய் இருக்கும். சாதாரண நேரத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆன்டெனா வழியாக வரும் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் (90 வோல்ட், 230 வோல்ட் என்று பல வகைகளில் கிடைக்கும்) உள்ளிருக்கும் வாயு அயனியாகி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கடத்தியாக மாறிவிடும். நடுக்கம்பியில் வந்த மின்சாரம் கனெக்டரின் வெளி உடம்புக்குத் தாவும். அங்கிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து எர்த் ஒயர், ஒயரிலிருந்து மண் என்று இறங்கிவிட வேண்டும். வெளி உடம்புக்கும் பெட்டிக்கும் நடுவே பெயின்ட் இருந்தால் மின்சாரத்துக்கு எஞ்சியிருப்பது ஒரே வழிதான். கேபிளின் பின்னல் வழியாக நேராக ரேடியோ போர்டுக்குள் போகும். அங்கிருந்து பவர் ஒயர் வழியாக வீட்டுக்குள்ளும் வரும்.

மின்னல் நேரடியாக விழத் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நம்ம வீட்டு மேலயா விழப்போகுது' என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவுக்குப் போகும். பக்கத்துத் தோப்பில் அவ்வளவு மின்னோட்டம் சில மைக்ரோ செகண்டுகளில் ஏறி இறங்கும்போது, சுற்றியுள்ள ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். ஆன்டெனா என்பதே காற்றில் வரும் மின்காந்த அலையைப் பிடிக்க உயரத்தில் நிறுத்திய கம்பி. அது எல்லாவற்றுக்கும் முன்னால் பிடிக்கும்.

இனி கனெக்டர். வெளியில் வைக்கும் பெட்டிகளில் அதிகம் பார்ப்பது 'என் டைப்' கனெக்டர். 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பால் நீல் வடிவமைத்தது. பெயரிலுள்ள 'என்' அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து. நடுவில் ஒரு ஊசி, சுற்றிலும் மரை வெட்டிய பித்தளை உடம்பு. தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டது. பெட்டிச் சுவரில் இதை மாட்டும் முறையைக் கவனித்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும். வெளிப்பக்கம் கனெக்டரின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வளையம் இருக்கிறது. மழைநீர் புகாமல் காப்பது அதுதான், ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கனெக்டரின் மரை சுவரிலுள்ள ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. ஓட்டை சற்றுப் பெரிதாக இருப்பதால் அங்கும் நல்ல தொடுகை கிடையாது. உட்பக்கம் வாஷர், நட்டு. உலோகம் உலோகத்தை அழுத்தித் தொடக்கூடிய ஒரே இடம் அந்த நட்டின் அடிப்பரப்பு. அங்கும் பெயின்ட் இருந்தால் கனெக்டர் மின்சாரத்துக்கு அந்தரத்தில் தொங்குகிறது.

பவுடர் கோட்டிங் ஒட்டுவதற்கே எர்த் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பெட்டியை எர்த் செய்த கொக்கியில் தொங்கவிட்டு, பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய துப்பாக்கியிலிருந்து பிளாஸ்டிக் மாவைப் பீய்ச்சுவார்கள். மின்னேற்றம் பெற்ற மாவு, எர்த் ஆன உலோகத்தைத் தேடிப் போய் அப்பிக்கொள்ளும். பிறகு அடுப்பில் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் மாவு உருகித் தோலாகிவிடும். எர்த்தை நம்பி வந்து ஒட்டிய அந்தப் பூச்சு, வெந்த பிறகு அதே உலோகத்தை எர்த்திலிருந்து பிரித்துவிடுகிறது.

கனெக்டர் ஓட்டையைச் சுற்றி உட்பக்கம் மட்டும் பூச்சில்லாமல் விடச் சொல்லி அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கேட்டேன். உரிமையாளர் தயங்கினார். "துருப் பிடிச்சிடும் சார். அப்புறம் எங்க வேலை சரியில்லம்பாங்க." "வெளிப்பக்கம் முழுசா அடிச்சிடுங்கண்ணே. உள்ளே மட்டும் இந்த வட்டம் வேணும்" என்று நட்டை வைத்து வரைந்து காட்டினேன். சூடு தாங்கும் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டுப் பூசிக் கொடுத்தார். வேலை கச்சிதமாக இருந்தது. பெட்டி செய்யும்போதே இப்படி மறைத்துப் பூசுவதுதான் சிறந்த வழி. பெட்டி வாங்குகிறவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பூசிய பெட்டி என்றால் சுரண்டித்தான் ஆக வேண்டும். எங்கே சுரண்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. வெளிப்பக்கம் தொடக் கூடாது. அங்கே ரப்பர் வளையத்துக்கு வழவழப்பான பூச்சு தேவை. சுரண்டினால் தண்ணீர் இறங்கும், துரு ஓட்டையிலிருந்து பரவும். உட்பக்கம், ஓட்டையைச் சுற்றி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலமாக ஒரு வட்டம் போதும். முதலில் கத்திமுனையால் வட்டத்தின் எல்லையைக் கீறிக்கொள்ளுங்கள், பூச்சு அதற்கு அப்பால் உரியாது. பிறகு எமரித் தாளால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் இரும்பின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சும் போய்விடும், அது போனால் துருவைத் தடுக்க ஆளில்லை. உலோகம் மின்னியதும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, உடனே மாட்டிவிட வேண்டும். பெட்டி அலுமினியமாக இருந்தால் 'உடனே' என்பது இன்னும் முக்கியம். காற்றுப் பட்ட நொடியிலிருந்தே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளரத் தொடங்கிவிடும், அதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. அனோடைஸ் செய்த அலுமினியத்தில் அந்தப் படலத்தை வேண்டுமென்றே தடிமனாக்கியிருக்கிறார்கள். பார்க்க வெறும் உலோகம் போலவே இருந்து ஏமாற்றும். அதையும் சுரண்ட வேண்டும்.

நட்டுக்கு அடியில் பல் வைத்த ஸ்டார் வாஷரைப் போடுங்கள். இறுக்கும்போது அதன் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும், காற்று புகாத சிறு சிறு தொடுபுள்ளிகள் கிடைக்கும். சுரண்டவே வேண்டாம், பற்களே பெயின்டைக் கிழித்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மெல்லிய பெயின்டில் சில சமயம் நடக்கும். பவுடர் கோட்டிங்கில் அதை நம்பாதீர்கள். மாட்டிய அன்று பீப் கேட்டாலும், வெயிலில் பூச்சு இளகி அமுங்கும், நட்டு தளரும், அடுத்த கோடைக்குள் தொடுகை போய்விடும். இறுக்குவதற்கு முன் மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்தால் ஈரம் அண்டாது, பற்கள் அதைத் துளைத்துக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். இறுக்கிய பிறகு நட்டைச் சுற்றித் தெரியும் வெற்று உலோகத்தின் மேல் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

சிலர் பெயின்டை அப்படியே விட்டுவிட்டு, கனெக்டரில் ஒரு தகடு மாட்டி அதிலிருந்து பச்சை ஒயரை எர்த் போல்ட்டுக்கு இழுப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஒயருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. மின்னோட்டம் ஒரு மைக்ரோ செகண்டில் 10,000 ஆம்பியர் ஏறினால், அந்த ஒரு மீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 10,000 வோல்ட் நிற்கும். ஒயர் எவ்வளவு தடிமன் என்பது இதை அதிகம் மாற்றாது, நீளம்தான் மாற்றும். அழகுக்காகச் சுருட்டிவிட்ட பச்சை ஒயர் மின்னலுக்குக் கதவைப் பாதி சாத்தியது போல. நட்டின் அடியில் வட்டம் முழுக்கக் கிடைக்கும் தொடுகைக்கு நீளமே இல்லை. அதனால்தான் அதற்கு இவ்வளவு பாடுபடுகிறோம்.

மின்னல் வராத நாட்களிலும் அந்த வட்டம் வேலை செய்கிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் தோலில்தான் ஓடும். வைஃபை இயங்கும் 2.4 கிகா ஹெர்ட்ஸில் செம்பின் மேற்பரப்பிலிருந்து 1.3 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையின் இரைச்சல், கனெக்டர் சுவரோடு சேராத இடுக்கு வழியாகக் கேபிளின் வெளித்தோலில் ஏறி ஆன்டெனாவரை போகும். ரேடியோ தன் பெட்டியின் கூச்சலையே கேட்டுக்கொண்டு, தூரத்தில் இருப்பவர் பேசுவதைத் தவறவிடும். 'சிக்னல் வீக்' என்று ஆன்டெனாவை மாற்றியவர்களில் சிலருக்கு மாற்ற வேண்டியிருந்தது ஒரு வாஷராக இருக்கலாம்.

கனெக்டரோடு வேலை முடிந்துவிடாது. பெட்டியின் கதவைக் கீல் இணைக்கிறது என்று நம்பாதீர்கள், அதிலும் பெயின்ட் உண்டு. ஒரு பின்னல் பட்டையால் கதவையும் பெட்டியையும் சேர்க்க வேண்டும். கடலோரத்தில் அலுமினியத்தின் மேல் நேரடியாகச் செம்பு லக் வைத்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரியாகி அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளீயம் பூசிய லக் போடுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பது நம் எலக்ட்ரீசியன்களுக்குப் பழகிய வேலை. ஆனால் ஆன்டெனாவுக்கென்று தனிக்குழி வெட்டி, அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடும் பழக்கம் ஆபத்தானது. மின்னல் நேரத்தில் இரண்டு குழிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அது மாடியிலிருந்து வீட்டுக்குள் வரும் கேபிளைத்தான் பாலமாக்கிக்கொள்ளும். குழிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், மின்னல் நேராக ஆன்டெனாவில் விழுந்தால் கருவி பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்கு உயரமான இடிதாங்கி தனியாக வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள். கருவியைக் காப்பாற்ற யாரும் மேகம் கறுத்த பிறகு மாடிக்கு ஏற வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வெயில் அடிக்கிற ஒரு நாளில் ஏறுங்கள். சோதிக்கும் முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கனெக்டருக்கும் எர்த் போல்ட்டுக்கும் நடுவே அதே எண் வந்தால் உங்கள் பெட்டி சரியாக இருக்கிறது. எண் கூடினாலோ சத்தமே வராவிட்டாலோ, உட்பக்க நட்டைக் கழற்றி அடியில் பாருங்கள்.