எரிவாயு அமுக்கமும் சாதனப் பொருத்தமும்: வீட்டூர்திகளை முன்வைத்து ஒரு விளக்கம்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த நிலாவெளி, மீன்பிடியையும் உல்லாசப் பயணத் தொழிலையும் சார்ந்து வாழும் கடற்கரையூர். உறங்கவும் சமைக்கவும் வசதிகொண்ட வீட்டூர்தியொன்று இக்கரையில் வந்து தரித்து நிற்பதாகக் கொள்வோம். அதன் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் ஐரோப்பாவிலே செய்யப்பட்டவை. எரிவாயுக் கொள்கலனோ எமது கடைத்தெருவில் வாங்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைப்பவர் பெரும்பாலும் ஊர்த் தொழிலாளி ஒருவரே. அவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் இருவகை அமுக்கங்களை வேறுபடுத்தி உணர வேண்டும். கொள்கலனுள் இருக்கும் அமுக்கம் ஒன்று; றெகுலேற்றர் என வழங்கும் சீராக்கியைக் கடந்து அடுப்பை அடையும் அமுக்கம் மற்றொன்று. 30 பாகை செல்சியசில் தூய பியூற்றேன், வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 2 பார் அமுக்கத்தைக் கொள்ளும். புரொப்பேனோ ஏறத்தாழ 10 பார் வரை செல்லும். அடுப்புக்கு வேண்டியது இதில் மிகச் சிறு பகுதியே. 30 மில்லிபார் என்பது ஏறத்தாழ 306 மில்லிமீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கமாகும். இப்பெரும் இறக்கத்தை நிகழ்த்துவது உள்ளங்கையளவான அச்சீராக்கியே.

ஆயின், சாதனங்கள் அனைத்தும் ஒரே அமுக்கத்துக்கென அமைந்தவையல்ல. பிரித்தானியக் கரவன் வண்டிகளில் முன்னர் பியூற்றேனுக்கு 28, புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என வழங்கியது. ஜேர்மன் ஊர்திகளில் 50 மில்லிபார் நிலவியது. 2003ஆம் ஆண்டளவிலிருந்து ஐரோப்பியப் புதிய ஊர்திகள் 30 மில்லிபாருக்கு ஒருமுகப்படுத்தப்பட்டன. பழைய ஊர்திகளோ இன்றும் பழைய அமுக்கத்தையே வேண்டி நிற்கின்றன.

28, 37 என்னும் இரு எண்கள் தற்செயலானவையல்ல. ஒரே துளையில், ஒரே அமுக்கத்தில், பியூற்றேன் புரொப்பேனைவிட ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலான வெப்பத்தைத் தரும். துளையினூடு பாயும் வாயுவின் அளவோ அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமானது. எனவே புரொப்பேனின் அமுக்கத்தை 37 ஆக உயர்த்தின் பாய்ச்சல் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். இரு வாயுக்களும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைத் தரும்.

இதே விதி பொருத்தமின்மையின் விளைவையும் காட்டுகின்றது. 30 மில்லிபாருக்கென அமைந்த அடுப்புக்கு 50 மில்லிபார் சீராக்கியைப் பூட்டினால் வாயு ஏறத்தாழ 29 சதவீதம் மிகும். காற்று போதாது சுவாலை மஞ்சளாகும், கரி படியும், நிறமும் மணமுமற்ற நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டு உருவாகும். மூடிய சிறு ஊர்தியுள் உறங்குவோர் அதை உணராமலே உயிரிழக்க நேரும். மாறாக, 50இற்கு அமைந்த சாதனத்துக்கு 30ஐக் கொடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 23 சதவீதம் குறையும். குளிர்சாதனப் பெட்டி குளிராது. சுவாலை அடிக்கடி அணையும். ஆகவே சீராக்கியின் வாய் கொள்கலனுக்கும், அதன் வெளியீட்டு அமுக்கம் சாதனத்துக்கும் பொருந்துதல் வேண்டும். வாய் பொருந்தியமை ஒன்றே போதும் எனக் கருதுவதிலேதான் பெருந்தவறு நிகழ்கின்றது.

இவ்விடயம் பயணிகளை மட்டும் சார்ந்ததன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையெங்கும் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாகின. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழு, வாயுக் கலவையின் மாற்றத்தை முதன்மைக் காரணமாகச் சுட்டியது. புரொப்பேன், பியூற்றேன் விகிதம் 20இற்கு 80 என்ற நிலையிலிருந்து 50இற்கு 50 என்ற அளவை நோக்கி மாறியமையே அன்று விவாதத்துக்குள்ளானது. எமது கணிப்பில், 30 பாகையில் இம்மாற்றம் கொள்கலன் அமுக்கத்தை ஏறத்தாழ மூன்றரை பாரிலிருந்து ஆறு பாரை அண்மிக்கச் செய்யும். அச்சுமை முழுவதையும் தாங்குபவை கொள்கலனின் வால்வும் சீராக்கியின் இணைப்புமே. அடுப்பின் முன் நின்ற பெண்ணுக்கு இம்மாற்றத்தைக் காட்டும் குறி எதுவும் அக்கொள்கலனில் இருக்கவில்லை.

நடைமுறையில் செய்யத்தக்கவை எளியவையே. சாதனத்தின் தகட்டில் பொறித்த அமுக்கத்தைச் சீராக்கியில் பொறித்ததுடன் ஒப்பிடுக. ஐயமிருப்பின், U வடிவில் வளைத்த ஒளிபுகு குழாயில் நீரிட்டு, சாதனம் எரிகையில் இரு நீர்மட்டங்களுக்கும் இடையேயான உயர வேறுபாட்டை அளக்கலாம். 30 மில்லிபாருக்கு அது 306 மில்லிமீற்றர். இதனைப் பாடசாலை ஆய்வுகூடமே செய்து காட்டலாம். கசிவைச் சவர்க்கார நீரால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதித்தலாகாது. இவ்வாயு காற்றிலும் பாரமானதாதலின் தரையில் தேங்கும். எனவே ஊர்தியின் அடித்தளத்திலுள்ள துவாரங்களை, மணலும் எறும்பும் புகுமென்று அடைத்தல் தகாது. அடித்தளத்தில் துவாரமிட இயலாத படகுகளில் ஆபத்து இன்னும் பெரிது. வாயு அடுப்பில் சமைத்தவாறு கடலில் பல நாள் தங்கும் மீனவர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

அமுக்கத்தைக் குறிக்கும் எண்ணும் கலவையின் விகிதமும் கொள்கலனிலும் சீராக்கியிலும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகப் பொறிக்கப்படுதல் வேண்டும். விற்போர் மட்டும் அறிந்த எண், அடுப்பை மூட்டுபவருக்குப் பாதுகாப்பாகாது. அறிவியல் தமிழின் பணிகளுள் இதுவும் ஒன்று என்பதே எமது துணிபு.