காரியைக் கொன்றது எது?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தவசிமடை, கொசவபட்டி போன்ற ஊர்களில் அந்தோணியார் கோயில் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கிறது. பாய்ந்து வரும் காளையின் திமிலை மட்டும்தான் அணையலாம். கொம்பையும் வாலையும் தொடக்கூடாது. பிடி நழுவினால் மாடு ஜெயித்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் அது தன் தொழுவத்துக்குத் திரும்பும். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் காளையைக் கொல்கிறார்கள், நாமோ வளர்க்கிறோம் என்று பெருமைப்பட இதுவே ஆதாரம். ஆதாரம் சரிதான். ஆனால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டால், நம் காளைக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

கார்லோஸ் வேலோ 1956இல் எடுத்த 'டொரேரோ' என்ற மெக்சிகோ படத்தை எடுத்துக்கொள்வோம். லூயிஸ் புரோகுனா என்ற காளைச்சண்டை வீரர் அதில் தன் வேடத்தில் தானே நடித்தார். பழைய செய்திப்படத் துண்டுகளும் புதிதாக எடுத்த காட்சிகளும் கலந்த அந்தப் படம், ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. வறுமையில் வளர்ந்தவர் புகழின் உச்சிக்கு வருகிறார். 1947இல் ஸ்பெயினின் லினாரெஸ் ஊரில் மனோலெத்தே என்ற மாபெரும் வீரர் காளை குத்தி இறந்துபோகிறார். பயம் புரோகுனாவை விடாமல் துரத்துகிறது. அதை ஒளிக்காமல் காட்டியதே படத்தின் பெருமை. ஆனால் அந்தக் கதை முழுவதும் மனிதனுடையது. எதிரே நிற்கும் காளை ஏறக்குறைய 20 நிமிடத்தில் செத்துவிடும். ஆட்டத்தின் விதியே அது. அந்தச் சாவுக்கு யாருடைய கோபமும் வேண்டியதில்லை.

அதே 1956இல் தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப்பின் தார'த்தில் எம்.ஜி.ஆர். காளையை அடக்கினார். ஆனால் 'டொரேரோ'வுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த படைப்பு நம்மிடம் குறுநாவலாக இருக்கிறது: வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. தன் அப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைக்க வருகிறான் பிச்சி. காரி ஜமீன்தாருடைய மாடு. அதன்மேல் கைவைப்பது ஜமீனின் கௌரவத்தின்மேல் கைவைப்பது. பிச்சி அணைந்துவிடுகிறான். ஆட்டத்தின் விதிப்படி எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் கடைசியில் காரியைச் சுட்டுக் கொல்பவர் அதன் சொந்தக்காரரான ஜமீன்தார்தான். மெக்சிகோவில் விதி செய்கிற வேலையை இங்கே வீறாப்பு செய்கிறது.

இது ஒரு கதைதானே, ஜமீன்களும் ஒழிந்துவிட்டனவே என்று கேட்கலாம். ஜமீன் போனது, மாட்டின் தோல்வியைத் தன் தோல்வியாக எண்ணும் மனம் போகவில்லை. இன்றும் ஒலிபெருக்கியில் மாட்டோடு சேர்ந்து சொந்தக்காரரின் பெயரும் ஒலிக்கிறது. பிள்ளையைப் போல வளர்ப்பவர்களைக் குறை சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது, அப்படி வளர்ப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பாசத்துக்குச் சோதனை மாடு ஜெயிக்கிற நாளில் வருவதில்லை, பிடிபடுகிற நாளில்தான் வருகிறது. பிடிபட்ட மாட்டை விற்றுவிடுகிறவர்களும் உண்டு.

உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு சட்டம் திருத்தியது; 2023இல் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. மெக்சிகோ நகரமும் 2025இல் காளையைக் கொல்வதற்குத் தடை போட்டுவிட்டது. களத்துக்குள் நடப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். காரி தோற்றது களத்தில்; அதைக் கொன்றது களத்துக்கு வெளியே இருந்த வீம்பு. பிடிபட்டு வந்த மாட்டுக்கும் அன்று இரவு அதே பருத்திக்கொட்டையை அரைத்து வைக்கிறவர்கள் இருக்கும் வரைதான், நம் ஆட்டம் வேறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.