உங்கள் கித்தாருக்கு எந்தப் பிக்அப்?

மாணவர்களே, ஆசிரியர் தினக் கொண்டாட்டத்தில் உங்கள் வகுப்புத் தோழி அக்கூஸ்டிக் கித்தார் வாசிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறையில் அவள் வாசித்தால் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும். ஆனால், மின்விசிறிகள் சுழல, ஐந்நூறு பேர் அமர்ந்திருக்கும் பள்ளி மண்டபத்தில் முதல் இரண்டு மூன்று வரிசைகளைத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. அவளுக்குத் தேவைப்படுவது ‘பிக்அப்’. கித்தாரின் அதிர்வை மின்சைகையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிறு கருவி அது.

இசைக்கருவிக் கடையில் கேட்டால் நான்கைந்து வகைகளை எடுத்து வைப்பார்கள். சில மலிவானவை, சில கித்தாரின் விலையையே எட்டிவிடும். சிலவற்றைப் பொருத்தக் கித்தாரின் அடிப்பக்கத்தில் சுமார் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளை போட வேண்டும். போட்ட துளையைப் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே, சேர்த்து வைத்த பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிக்அப் கித்தாரின் எந்த அசைவைக் கேட்கிறது?

ஒலி கடக்கும் நான்கு நிலையங்கள்

நீங்கள் மீட்டும்போது முதலில் தந்தி அதிர்கிறது. தந்தி மெல்லியது, அதனால் தனியாக அதிகக் காற்றைத் தள்ள இயலாது. அந்த அதிர்வு ‘பிரிட்ஜ்’ எனப்படும் மரத்துண்டில், ‘சேடில்’ என்ற வெண்ணிறப் பட்டையின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. அங்கிருந்து மேற்பலகைக்குப் பரவுகிறது. அகன்ற மேற்பலகையும் குடத்துக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து வெளிக்காற்றை அசைக்கின்றன. அதைத்தான் நம் காது கேட்கிறது.

தந்தி, சேடில், பலகை, காற்று. பிக்அப் வகைகள் ஒவ்வொன்றும் இந்த நான்கில் ஏதேனும் ஒரு நிலையத்தில் காத்திருக்கின்றன.

தந்தியைக் கேட்கும் காந்தம்

ஒலித்துளையின் குறுக்கே மாட்டப்படும் பட்டை வடிவப் பிக்அப்புக்குள் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச்சுருளும் இருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் இதைப் படிக்கிறீர்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கித்தாரில் இந்தப் பிக்அப் வேலை செய்யாது. நைலான் காந்தப் புலத்தை மாற்றுவதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒலிபெருக்கி மௌனமாகவே இருக்கும். இரண்டாவது, அக்கூஸ்டிக் கித்தாரின் தடித்த தந்திகளில் எஃகு நடுக்கம்பியின் மேல் வெண்கலம் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்துக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த எஃகு மட்டுமே. வெறும் எஃகாலான மெல்லிய இரண்டு தந்திகள் எதிர்பார்த்ததைவிட உரக்கக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

காந்தம் மரத்தின் அதிர்வை நேரடியாகக் கேட்பதில்லை. அதனால் ஒலி ஓரளவு எலக்ட்ரிக் கித்தாரை நினைவூட்டும். பல மாதிரிகளைத் துளை போடாமலே மாட்டவும் கழற்றவும் முடியும் என்பது இதன் வசதி.

அழுத்தத்தைக் கேட்கும் படிகம்

1880-இல் பிரான்ஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்கள். இதற்கு அழுத்தமின் விளைவு, அதாவது பைசோ விளைவு என்று பெயர். இந்தப் பண்புள்ள பொருளை மெல்லிய பட்டையாக்கிச் சேடிலுக்கு அடியில் வைத்தால், தந்தியின் ஒவ்வோர் அழுத்தமும் மின்சைகையாகிவிடும். ஹெலிகாப்டர்கள் தயாரித்துவந்த அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் காமன் 1960களில் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம், இவ்வகைப் பிக்அப் பொருத்திய கித்தார்களைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று.

பைசோவுக்குத் தந்தி எதனால் ஆனது என்பது பொருட்டில்லை. நைலானிலும் வேலை செய்யும். ஒவ்வொரு சுரமும் தெளிவாக வரும். ஆனால் வேகமாக அடித்து வாசிக்கும்போது ஒலி சற்றுக் கூர்மையாக, பிளாஸ்டிக்கைத் தட்டியது போல் ஆகிவிடும். பலகையும் காற்றும் அதிர்வை மென்மையாக்குவதற்கு முன்பே பைசோ அதைப் பிடித்துவிடுவதுதான் இதற்குக் காரணம்.

பலகையைக் கேட்பதும் காற்றைக் கேட்பதும்

நாணயம் போன்ற பைசோ வில்லைகளைப் பிரிட்ஜுக்கு நேர்கீழே, பலகையின் உட்புறம் ஒட்டுவது மூன்றாவது வகை. இது மரத்தின் அதிர்வையே கேட்பதால் ஒலி இயல்பாக இருக்கும். நான்காவது வகை ஒலிவாங்கி. குடத்துக்குள் சிறியதாகப் பொருத்தலாம். கித்தாருக்கு முன்னால் தாங்கியிலும் நிறுத்தலாம். இது நம் காதைப் போலவே காற்றைக் கேட்கிறது. நான்கிலும் உண்மையான கித்தார் ஒலிக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அப்படியென்றால் எல்லாரும் ஒலிவாங்கியையே வைத்துக்கொள்ளலாமே?

மேடையில் எழும் ஊளை

முடியாததற்குக் காரணம் ஒத்ததிர்வு. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். கித்தாரின் குடமும் அப்படித்தான். பெரிய அளவுக் கித்தாரின் உள்காற்று சுமார் 100 ஹெர்ட்ஸிலும், மேற்பலகை சுமார் 200 ஹெர்ட்ஸிலும் எளிதில் அதிரும். கித்தார் இயல்பாக இனிமையாக ஒலிப்பதற்கு இதுவே துணை. மேடையில் இதுவே தொல்லையாகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி பலகையை அதிரச் செய்கிறது. பிக்அப் அந்த அதிர்வை மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அது இன்னும் பலமாகத் திரும்பி வருகிறது. சில வினாடிகளில் மண்டபமே ஊளையிடும். இதைப் பின்னூட்டு என்கிறோம்.

1964-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடல் அத்தகைய ஓர் ஊளையோடுதான் தொடங்குகிறது. ஜான் லென்னனின் காந்தப் பிக்அப் பொருத்திய அக்கூஸ்டிக் கித்தாரில் எழுந்த ஒலி அது. அவர்கள் அதை வேண்டுமென்றே பாடலில் வைத்துக்கொண்டார்கள். பள்ளி மேடையில் யாரும் அதை ரசிக்கமாட்டார்கள்.

காந்தப் பிக்அப்பும் பின்னூட்டிலிருந்து முழுமையாகத் தப்புவதில்லை என்பதை இந்தப் பாடலே காட்டுகிறது. இருந்தாலும், பொதுவாகத் தந்தியையும் சேடிலையும் கேட்பவை அதிகச் சத்தத்தைத் தாங்கும். பலகையையும் காற்றையும் கேட்பவை விரைவில் ஊளையிடும். எது கித்தார் முழுவதையும் கேட்கிறதோ, அது கித்தாரை அசைக்கும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே கேட்கிறது. இயல்பான ஒலி வேண்டுமா, அதிகச் சத்தம் வேண்டுமா என்பதே உண்மையில் நீங்கள் செய்யும் தேர்வு.

நல்ல பிக்அப்பும் மெலிந்து கேட்பது ஏன்?

பைசோவை வாங்கி நேரடியாக ஒலிக்கலவைக் கருவியில் செருகுபவர்கள், “ஒலி தகரம் மாதிரி இருக்கிறதே” என்று பிக்அப்பைக் குறை சொல்வார்கள். குறை பெரும்பாலும் இணைப்பில் இருக்கும்.

பைசோ ஒரு சிறிய மின்தேக்கி போன்றது. அதில் தோன்றும் மின்னூட்டம் மிகக் குறைவு. சிறிய வாளியில் கொஞ்சம் நீர் இருக்கிறது. அடியில் பெரிய ஓட்டை என்றால் நீர் உடனே வடிந்துவிடும். இணைக்கப்படும் கருவியின் உள்ளீட்டு மின்தடை குறைவாக இருந்தால் மின்னூட்டமும் அப்படியே வடிந்துவிடும். மெதுவாக அதிரும் தாழ்ந்த சுரங்கள்தான் முதலில் காணாமல் போகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பைசோவின் மின்தேக்குதிறன் 1 நானோஃபாரட் என்று கொள்வோம். உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்றால், சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி மெலியும். கித்தாரின் ஒலி ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 1 மெகா ஓம் என்றால் இந்த எல்லை 160 ஹெர்ட்ஸாகவும், 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸாகவும் இறங்கும். கித்தாரின் மிகத் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்பதை நினைவில் வைத்தால், உயர்ந்த உள்ளீட்டு மின்தடை ஏன் தேவை என்பது புரியும். அதைத் தருவது மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கி. ஆகவே, பைசோ வாங்கும்போது முன்பெருக்கிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யாருக்கு எது?

அமைதியான அரங்கில் தனியாக வாசிப்பவருக்கு, தாங்கியில் நிற்கும் ஒலிவாங்கியே போதும். பிக்அப் வாங்கும் செலவே இல்லை. டிரம்ஸ், கீபோர்டு கொண்ட குழுவில் வாசிப்பவருக்குச் சேடில் பைசோ அல்லது காந்த வகை ஏற்றது. நைலான் தந்திக் கித்தார் என்றால் காந்தத்தை மறந்துவிடுங்கள். பள்ளிக்குச் சொந்தமான கித்தார், அல்லது அண்ணனிடம் இரவல் வாங்கியது என்றால் துளை போடத் தேவையில்லாத வகையையே பாருங்கள். மெல்ல விரலால் மீட்டுபவர்களுக்குப் பலகையில் ஒட்டும் வகை பிடிக்கும். அவர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காமல் இருப்பது நல்லது.

செய்து பாருங்கள்

தேவையானவை: கித்தார், திறன்பேசியில் சுரம் எழுப்பும் செயலி, புளூடூத் ஒலிபெருக்கி.

தந்திகளைத் துணியால் அடக்கிவிடுங்கள். ஒலிபெருக்கியை ஒலித்துளைக்கு முன்னால் வைத்து, அதிர்வெண்ணை 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக உயர்த்துங்கள். மேற்பலகையில் விரல்நுனியை இலேசாக வைத்திருங்கள். ஓரிரு இடங்களில் பலகை சட்டென்று அதிகமாக அதிர்வதை உணர்வீர்கள். அந்த எண்களைக் குறித்து வையுங்கள்.

உங்கள் கித்தார் மேடையில் பெரும்பாலும் அந்த எண்களுக்கு அருகில்தான் ஊளையிடும். நிகழ்ச்சியன்று ஒலிக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் அண்ணனிடம் அவற்றைச் சொல்லி, அந்த அதிர்வெண்களை மட்டும் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். புதிய பிக்அப் வாங்காமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும்.