நரம்பை உறைய வைத்தால் தலைநோ தீருமா?

தலையிடி என்றவுடன் பனடோலைத் தேடுகிறோம். ஆனால் பிடரியில் தொடங்கி உச்சிவரை மின்சாரம் தாக்கியது போலச் சுண்டி இழுக்கும் நோவும், சோறு மெல்லும்போதும் சோளகக் காற்று முகத்தில் படும்போதும் கன்னத்தில் வெட்டும் நோவும் அதற்கு அடங்குவதில்லை. இவை நரம்பு நோக்கள். பல்நோவென எண்ணி, நல்ல கொடுப்புப் பற்களைப் பிடுங்குவித்தும் நோவோடு திரும்பியவர்கள் உண்டு.

முதலில் மாத்திரைதான். கன்ன நோவுக்குப் பெரும்பாலும் கார்பமாசெப்பின் கேட்கும். தோலில் தடிப்பு எழும்பினால் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். மருந்துக்கு அடங்காதவர்களுக்கே நரம்பை உறைய வைப்பது. 1976இல் இங்கிலாந்தில் லொயிட் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இம்முறைபற்றி எழுதினர்.

சைக்கிள் ரியூப்பின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு குளிர்வதைக் கண்டிருப்பீர்கள். அதே விதிதான் இங்கும். அழுத்திய வாயு ஊசி போன்ற கருவியின் நுனியில் விரிய, நுனி பூச்சியத்துக்குக் கீழே 60, 70 பாகைவரை குளிர்கிறது. நரம்பின் உள்ளிழை அறும், உறை தப்பும். வெட்டிய கதியால் தளிர்ப்பது போல, இழை நாளுக்கு 1, 2 மில்லிமீற்றராக மீண்டும் வளரும். ஆகவே நோ சில மாதங்கள் அடங்கும், திரும்பியும் வரலாம். அவ்விடம் விறைத்தும் இருக்கும்.

இதற்கென நகையை ஈடு வைக்குமுன் வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: “முதலில் அந்த நரம்புக்கு விறைப்பூசி போட்டுப் பார்ப்பீர்களா?” ஊசிக்கு நோ மறையாவிட்டால் உறைய வைத்தும் பயன் கிடைப்பது அரிது.

திடீரென வந்த கடும் தலையிடி, காய்ச்சலோடு பிடரி இறுக்கம், கைகால் சோர்வு என்றால் இதொன்றையும் யோசியாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.